1300 எஸ்கார்ட்டில் 2000 பின்டோ: எந்த கார்புரேட்டர்?

டர்பன் சாட்ஸ்வர்த் தம்பி கேட்டிருந்தார், ஃபோர்டு எஸ்கார்ட்டில் 1300 எஞ்சினை எடுத்துவிட்டு 2000 பின்டோ (ஃபோர்டின் 2 லிட்டர் எஞ்சின்) போட்டாச்சு, இரட்டை 45 வெபர் கார்புரேட்டர் வாங்கலாமா என்று. என் மார்க் 2 எஸ்கார்ட்டிலும் அதே 1993 சிசி பின்டோதான், கேம் (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்) கம்பெனியில் வந்ததேதான். வாங்க வேண்டாம் தம்பி. 32/36 வெபர் ஒன்று போதும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும், அதனால் 2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 6000 லிட்டர் இழுக்கலாம், சாதாரண கேமில் நிஜத்தில் அதில் 85 சதவீதம் போல, சுமார் 5100 லிட்டர். சிஎஃப்எம்மில் (நிமிடத்துக்கு கன அடி) சொன்னால் 180. 32/36 இதைத் தாராளமாகக் கொடுக்கும், ஃபோர்டே பின்டோவுக்கு அதைத்தான் வைத்தது. பழைய 1300 கார்புரேட்டரையே அடாப்டர் போட்டு மாட்டி ஓட்டுபவர்களும் உண்டு, அது ஊருக்குள் ஓடும், மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும்.

பெரிசு போட்டால் என்ன கெடுதல்? மெயின் ஜெட்டிலிருந்து (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) பெட்ரோலை இழுப்பதே வென்ச்சுரியில், அதாவது கார்புரேட்டரின் குறுகலான பகுதியில், ஓடும் காற்றின் வேகம்தான். துளை பெரிதானால் வேகம் குறையும், பெட்ரோல் புகையாகப் பிரியாமல் துளியாக விழும். ஃபீனிக்ஸில் ஒரு நண்பர் இரட்டை 45 போட்டிருந்தார். ஒவ்வொரு ரோபோவிலும் (சிக்னல்) பச்சை விழுந்து கிளம்பும்போது வண்டி இருமும், பின்னால் நிற்பவன் ஹார்ன் அடிப்பான். அப்புறம் உள்ளே இருக்கும் சோக்கை (அந்த வென்ச்சுரி வளையம்தான், குளிரில் ஸ்டார்ட் செய்யும் சோக் இல்லை) கழற்றிச் சின்ன சைஸ் போட்டு, ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றியதும் நன்றாகவே ஓடியது. 45 என்பது த்ராட்டில் துளை, எஞ்சினுக்குத் தெரிவது சோக் சைஸ். ரேஸ் கேம் போட்டு 7000 வரை சுற்றுபவருக்கு அந்தச் செலவு நியாயம், வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு இல்லை.

ட்யூனிங் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மெரிபேங்கில் ஒரு ஐயா. வால்வு கேப், டைமிங் இரண்டும் பார்க்காமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைக்க விடமாட்டார். அதன்பின் மேனிஃபோல்டு (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் பக்கம் கார்ப் க்ளீனர் அடிப்பார். ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) மாறினால் அங்கே காற்று ஒழுகுகிறது, அதை அடைக்காமல் ஜெட் மாற்றி ஒரு பயனும் இல்லை. (எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அடியுங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்.)

ஐட்லிங்கில் ஸ்பீடு ஸ்க்ரூ, லீவரைத் தொட்ட பிறகு ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஆர்பிஎம் விழும் வரை உள்ளே திருப்பி, எஞ்சின் சீராக ஓடும் இடத்துக்குத் திரும்ப வெளியே எடுங்கள். முழுக்க மூடிய இடத்திலிருந்து இரண்டு சுற்றுக்கு மேல் வெளியே வந்தால்தான் சீராகிறது என்றால் ஐடில் ஜெட் சின்னது, அரைச் சுற்றிலேயே சீரானால் பெரிசு. பலர் இங்கேதான் அவசரப்பட்டு மெயின் ஜெட்டை மாற்றுகிறார்கள், ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வேலை செய்வது பெரும்பாலும் ஐடில் ஜெட்தான்.

மெயின் ஜெட்டுக்கு டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம் நல்ல இடம். ஃபுல் த்ராட்டிலில் தடுமாறினால் ஒரு சைஸ் ஏற்றிப் பாருங்கள், கருப்புப் புகை வந்தால் இறக்குங்கள். பிளக் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஈயமில்லாத பெட்ரோலில் பிளக் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். வைட்பேண்ட் மீட்டர் (புகையை வைத்துக் காற்று, பெட்ரோல் விகிதம் காட்டுவது) கிடைத்தால் ஃபுல் லோடில் 12.5லிருந்து 13, நிதானமாகப் போகும்போது 14 பக்கம். ஆர்பிஎம் உச்சியில் மட்டும் குறை என்றால் ஏர் ஜெட்டை (மெயின் பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் துளை) தொடுங்கள், மெயினை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியா. அங்கே மாமா வீட்டுக்கு என் எஸ்கார்ட்டில்தான் போவோம். டர்பனில் சரியாக இருந்த 140 ஜெட், வான் ரீனன் மலைக்கணவாய் தாண்டினதும் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. ஜோஹானஸ்பர்க் 1700 மீட்டருக்கு மேலே, காற்று மெலிசு, அதே ஜெட் அங்கே ரிச் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும். 140 என்றால் 1.40 மில்லிமீட்டர் துளை, அங்கே 135 சரியாக இருக்கும். அதில் ஒரு செட் எப்போதும் கப்பிஹோலில் (டாஷ்போர்டு பெட்டி) வைத்திருக்கிறேன், மாற்ற ஏர் க்ளீனரையும் மேல்மூடியையும் கழற்றினால் போதும். திரும்பிக் கீழே இறங்குவதற்கு முன் 140ஐத் திரும்பப் போட மறக்காதீர்கள், லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடினால் பிஸ்டன் போகும். கொஞ்சம் ரிச் என்றால் பெரும்பாலும் பெட்ரோல் காசுதான் போகும்.

தம்பி, எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால் ரெகுலேட்டர் கட்டாயம், வெபருக்கு 3 பிஎஸ்ஐ பக்கம் போதும், அதற்கு மேல் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். உங்கள் கேம் எது, மேனிஃபோல்டு எது என்று எழுதுங்கள், எந்த ஜெட்டில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.