ஆண்களுக்கான குழந்தையின்மை சிகிச்சை: போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்:
ஃபைல் போடுவது, ரத்தம் எடுப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துவது அந்த விந்துச் சாம்பிள் அறை. மதுரையில். அறை என்று பேர், பாத்ரூம்தான். கதவுக்குக் கீழே இடைவெளி, வெளியே நிற்கிறவர்களின் செருப்பு தெரிகிறது. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல் இருந்த நேரம் அது, விடியுமுன்னே பஸ் ஏறிப் போனவன் நான். ஒரு பையன் கதவைத் தட்டி, "அண்ணே, லேப் மூடிருவாங்க" என்கிறான். எப்படி வரும்? டப்பாவைக் காலியாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா, "என்ன சார், வரலையா?" என்று சத்தமாகக் கேட்டார். பெஞ்சே திரும்பிப் பார்த்தது. அதில் எங்கள் பக்கத்து வலைக்கடைக்காரரும் உட்கார்ந்திருந்தார். அவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்பது வீடு திரும்பிய பிறகே உறைத்தது. இன்றுவரை நாங்கள் வலை நரம்பு விலையைத் தாண்டி எதுவும் பேசுவதில்லை.

கீழக்கரை மருமகள்:
நீங்களாவது போனீர்கள். எங்கள் வீட்டில் அவர் சபரில், வெளிநாட்டு வேலையில். அவர் ஊரில் இல்லாத நாளெல்லாம் டெஸ்ட் எனக்குத்தான். ஸ்கேன், ஹார்மோன், குழாயில் மருந்து விட்டு எடுக்கும் எக்ஸ்ரே (அந்த வலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்). "ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு" என்பது மாமியின் கட்சி. அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு புது டாக்டர். என் தடித்த ஃபைலைப் பிரிக்கவே இல்லை, ஓரமாகத் தள்ளி வைத்தார். "உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கே? அதை எடுத்துட்டு வாங்க, பிறகு இதைப் பார்ப்போம்." மாமி துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

லீவில் வந்தபோது எடுத்தார். விந்தணு கவுண்ட் குறைவு, அசைவும் குறைவு. ஆனால் சொந்தக்காரர்களிடம் இன்னும் குறை எனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவர் கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன். அது மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருக்கிறது.

இஞ்சின் டிரைவர்:
தங்கச்சிமடம் அண்ணே, முதல் தடவை வராமல் போவது எத்தனையோ பேருக்கு நடப்பது. அதற்காக அந்த அம்மாவைத் திட்டிப் பயனில்லை. முன்கூட்டிக் கேட்டால் வெளியே எடுத்து வரவும் விடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும், அதுவரை டப்பா உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். தங்கச்சிமடத்திலிருந்து அது நடக்காது, ஆகவே லேபுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் எடுங்கள். அதற்கு முன் விந்து வெளியேறாமல் 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மிகாமல் இடைவெளி வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக் கூடாது. கடையில் விற்கும் ஆணுறையில் பிடிக்கக் கூடாது. கொஞ்சம் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், முதலில் வருவதில்தான் விந்தணு அதிகம்.

கீழக்கரை தங்கச்சி, ஒரே ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி அணு, அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். அதற்குக் கீழே போனால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை. அணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் போல ஆகும். இடையில் நல்ல காய்ச்சல் அடித்திருந்தால் அதுவும் ரிப்போர்ட்டில் தெரியும். சில மாதம் விட்டு இன்னொன்று எடுங்கள்.

என் கதை சின்னது. விசைப்படகில் இஞ்சின் சூட்டோடு கிடப்பவன். டாக்டர் என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுத்தான் தொழிலைக் கேட்டார். அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தும் ஆடி வரை கரையிலேயே இருந்தேன். கவுண்ட் ஏறியது. அதே சமயம் புகையிலையையும் விட்டிருந்தேன். எதனால் ஏறியது என்று டாக்டரும் சொல்லவில்லை.

தேவிபட்டினத்தான்:
எல்லாவற்றையும் சூட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள் இஞ்சின் அண்ணே. நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். புகையிலை கிடையாது. எனக்கு அணுவே இல்லை, பூஜ்யம். பிள்ளை வரம் கேட்டு வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்க் கடலில் நவகிரகம் சுற்ற வருகிறார்கள், நான் அந்தக் கரையில் வளர்ந்தவன்.

மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கையால் சோதித்துப் பார்த்தார். "பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?" என்றார். பத்தாவது படிக்கும்போது வந்தது. "அப்போ கீழேயும் வீங்குச்சா?" வீங்கியது. ராத்திரியெல்லாம் வலி. வெட்கப்பட்டு அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் கேட்கிறார், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் அதிகம். விரையிலிருந்தே அணுவை நேராக எடுத்துப் பார்க்கலாம், கிடைத்தால் இக்ஸி (ஒரு அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது), கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்றார். இல்லையென்றால் வேறொருவர் தானம் தந்த விந்து. 2021 சட்டப்படி பதிவு செய்த வங்கியிலிருந்துதான் வாங்க வேண்டும், இரண்டு பேரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மனைவி எதற்கும் சரி என்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து யாரும் லேகியம் சொல்லாதீர்கள்.

கீழக்கரை மருமகள்:
ஒன்று கேட்கணும். அவர் அங்கே ஜிம்முக்குப் போகிறார். தெம்புக்கு என்று கூட்டாளி ஒருவர் ஊசி போட்டு விடுகிறாராம். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. அதில் ஏதும் இருக்குமா?

இஞ்சின் டிரைவர்:
டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனாக இருந்தால் அணு உற்பத்தியே படுத்துவிடும், பூஜ்யம் வரைக்கும் போகலாம். ஆண்மைக்கு நல்லது என்று சொல்லித்தான் போடுவார்கள். பேரைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கீழக்கரை மருமகள்:
ஊசி மருந்து டப்பா அவர் ரூமில்தான் இருக்கிறதாம். ராத்திரி வீடியோ காலில் காட்டச் சொல்கிறேன்.