புதுப்பிப்பு: அந்த ஒற்றை வரி விளக்கத்தை மாற்றிவிட்டேன்

நான் பராமரிக்கும் நிரல் நூலகத்தில், பைத்தான் நிரல்மொழியின் ஆர்ஸ்ட்ரிப் (rstrip) போலவே சரத்தின் வலது முனையை வெட்டும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. "கொடுத்த எழுத்துகளை முனையிலிருந்து நீக்கும்" என்ற அதன் விளக்கத்தைப் படிப்பவர்கள், கொடுத்ததை ஒரே துண்டாக, பின்னொட்டாக நீக்குவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று முன்பு புலம்பியிருந்தேன்.

முதலில் மூன்று பத்தி எழுதினேன். திரும்பப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது; அழித்துவிட்டேன். இப்போது இருப்பது: "கொடுக்கும் குறியீடுகளின் வரிசை பொருட்டல்ல. அவற்றில் எது முனையில் இருந்தாலும், வேறொன்று எதிர்ப்படும்வரை நீக்கப்படும்." கூடவே ஓர் எடுத்துக்காட்டு: "காப்பி.பி" என்பதில் ".பி"யை நீக்கச் சொன்னால் "காப்பி" கிடைக்காது, "காப்" கிடைக்கும். அந்த அரைகுறை "காப்" போதும், மூன்று பத்தியும் வேண்டாம்.

"எழுத்து" என்பதைக் "குறியீடு" என்று மாற்றியதும் வேண்டுமென்றேதான். நமக்குப் "பி" ஓர் எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறைக்குப் பகரமும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டு.

செயற்கூற்றின் பெயரையே மாற்றச் சொன்னவர்களுக்கு: பழைய நிரல்கள் உடையும், மாற்றப்போவதில்லை. பைத்தானும் ஆர்ஸ்ட்ரிப்பைத் தொடாமல், 2020இல் 3.9 பதிப்பில், பின்னொட்டை முழுதாக நீக்கும் ரிமூவ்சஃபிக்ஸைத் (removesuffix) தனியாகத்தான் சேர்த்தது. அடுத்த வெளியீட்டில் நானும் அதையே செய்கிறேன்.