ஸ்டீயரிங் தானாக நேராகவில்லை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மடிவாளாக்காரன்:

முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. பெங்களூரில் அகரா பக்கம் யூ டர்ன். பாதி திரும்பியதும் வழக்கம்போலக் கையைத் தளர்த்தினேன், ஸ்டீயரிங் தானே சுழன்று நேராகிவிடும் என்று. ஆகவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. வண்டி சுற்றிக்கொண்டே ஓரத்தில் இருந்த இளநீர்த் தள்ளுவண்டியை நோக்கிப் போனது. இளநீர்க்காரர் ஓங்கிய கத்தியோடு அப்படியே நின்று பார்த்தார், வெட்ட வேண்டியது காயையா என்னையா என்பதுபோல. இழுத்து நேராக்கி பிரேக் போட்டபோது நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

ஷாக் மாற்றிய கடையில் "அலைன்மெண்ட் போடுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். இரண்டு முறை போட்டேன். சக்கரக் கோணங்களை அளந்து தந்த சீட்டில் எல்லாம் பச்சை, சரி என்று. ஸ்டீயரிங் மட்டும் அப்படியேதான்.

கடைசியில் ஜே.சி. ரோட்டில் பார்ட்ஸ் கடைகளுக்குப் பின்னால் ஒரு பெரியவரிடம் போனேன். கம்ப்யூட்டர் எதையும் செருகவில்லை. "விரலை உள்ளே விடாதீங்க, வெளியில மட்டும் தொடுங்க" என்று சொல்லி, முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங்கில் என் கையை வைக்கச் சொன்னார். பையன் உள்ளே உட்கார்ந்து மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்பினான். ஸ்பிரிங் என் கைக்கடியில் முறுக்கேறியது. இன்னும் ஏறியது. சட்டென்று "டங்" என்று துள்ளி விழுந்தது. "மேல பேரிங் சுத்தல சார். ஸ்பிரிங்தான் முறுக்கிக்குது. சக்கரம் நேரா வரப் பார்த்தாலும் இது விடாது" என்றார்.

ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் மேலே வண்டியோடு சேரும் இடத்தில் சுழன்றுகொடுக்கும் பேரிங். கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு. புது ஷாக்கில் பழைய பேரிங்கையே மாட்டியிருக்கிறார்கள். என் பில்லில் "மவுண்ட் செட் 2" என்று தெளிவாக இருக்கிறது, காசும் வாங்கியாயிற்று. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பொம்மனஹள்ளி பொடியன்:

எனக்குக் கதை வேறு. மேடு பள்ளத்தில் முன்னால் டக் டக் என்று சத்தம். "ராக் லூஸ்" (ராக் என்றால் ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல் தண்டு) என்று சொல்லி ஒரு நட்டை டைட் வைத்துக் கொடுத்தார்கள், பத்து நிமிட வேலை. சத்தம் நின்றது, எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினால் நேர் ரோட்டிலேயே வண்டி நேராகப் போக மாட்டேன் என்கிறது. வலது பக்கம் ஒரு நூல் திருப்பினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், இடதில் இழுத்தால் அங்கே ஒட்டும். கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் குடிகாரன் சைக்கிள் ஓட்டுவதுபோல் ஓட்டினேன். திரும்பிப் போய் அதே நட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். இப்போது டக் டக் இருக்கிறது, ஸ்டீயரிங்கும் திரும்பி வருகிறது. சத்தமே தேவலை.

பழைய டீசல்:

மடிவாளா தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். யூ டர்னில் ஸ்டீயரிங்கைக் கையில் வழுக்க விட்டதே முதல் தப்பு. திருப்பிய கைதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். எனக்கும் ஒருமுறை ஹெப்பாள் மேம்பாலத்து வளைவில் இப்படி ஆகியிருக்கிறது, இடது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடிக்கும் கை) வளைந்திருந்தது, மாற்றினேன், அவ்வளவுதான். ஆனால் ஸ்டீயரிங் ஏன் தானாக வருகிறது என்பதே இங்கே பலருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஏர்போர்ட் டிராலியின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் வந்து நிற்கும். காரிலும் அதேதான். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது மேலே கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், சைக்கிள் ஃபோர்க் மாதிரி. இதைத்தான் கேஸ்டர் என்கிறோம். அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால் இருக்கும். வண்டி முன்னால் போகும்போது டயர் பின்னால் இழுபட்டு நேராகிறது. வேகம் கூடினால் இது பலமாகத் தெரியும். இன்னொன்று, அதே அச்சு உள்பக்கமாகவும் சாய்ந்திருப்பதால் சக்கரத்தைத் திருப்பும்போது வண்டியின் முன்பக்கம் ஒரு துளி மேலே எழும்பும். அந்த எடை கீழே இறங்கப் பார்ப்பதும் சக்கரத்தை நேராக்கும். மெதுவாகப் போகும்போது முக்கியமாக இதுதான் வேலை செய்கிறது. நம் ஊர்ப் பள்ளத்தில் சக்கரம் தடால் என்று விழுந்தால் லோயர் ஆர்ம் பின்னால் தள்ளப்பட்டு கேஸ்டர் குறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் கேஸ்டரை மாற்ற வழியே கிடையாது. "செட் பண்ணிட்டேன்" என்று எவனாவது சொன்னால் எந்த நட்டைத் திருப்பினாய் என்று கேளுங்கள். அவன் தொட்டது டோ மட்டும், அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு. அப்புறம் ரிவர்ஸில் தானாக வரவில்லை என்று யாரும் இங்கே வந்து புலம்பாதீர்கள். பின்னால் போகும்போது கேஸ்டர் தலைகீழாக வேலை செய்யும், ஸ்டீயரிங் இன்னும் திரும்பத்தான் பார்க்கும். டயரில் காற்றையும் பாருங்கள்.

பெல்லந்தூர் படகு:

டீசல் அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் கணக்கில் துருவுக்கு இடமே இல்லை. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு ஏரியானபோது என் வண்டி ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றது. எஞ்சின் பிழைத்தது, சீட் பிழைத்தது. மூன்று மாதம் கழித்து ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் கெட்டியாக ஆரம்பித்தது. நடுவில் இலகு, மறுபடி கெட்டி. சர்ஜாப்பூர் ரோட்டில் இடது திரும்பி முடித்தால் அந்தக் கெட்டியான இடத்தில் வந்து நின்றுவிடும், நான்தான் தட்டி எழுப்ப வேண்டும். என் வண்டியில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். மோட்டார் போச்சு, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை. கடைசியில் பார்த்தால் ஸ்டீயரிங் தண்டும் ராக்கும் சேரும் இடத்தில் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் (கோணத்தில் சேரும் தண்டுகளைச் சுழலவிடும் மூட்டு) துருப்பிடித்து இறுகியிருந்தது. கேஸ்டர் எவ்வளவு இருந்து என்ன, வழியில் ஒன்று பிடித்துக்கொண்டால் வராது.

எதில் இறுக்கம் என்று கண்டுபிடிக்க அந்த மெக்கானிக் செய்தது எளிது. முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டை ராடு (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) முனைகளைச் சக்கரத்திலிருந்து கழற்றினார். சக்கரத்தைக் கையால் ஆட்டினார், லேசாகத் திரும்பியது. அப்படியானால் சக்கரம் கீழே திரும்ப உதவும் பால் ஜாயிண்ட், மேலே மவுண்ட் பேரிங் இரண்டும் நல்லவை. ஸ்டீயரிங்கைச் சுற்றினார், அப்போதும் இறுக்கம். அப்படியானால் கோளாறு மேலே. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மடிவாளாக்காரன்:

டீசல் அண்ணா, கையை விடக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டதால்தானே தெரிந்தது?

கழற்றிய இரண்டு பேரிங்கையும் கேரி பையில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பில்லோடு அந்தக் கடைக்குப் போகிறேன். திரும்பும்போது இளநீர்க்காரரிடம் நிறுத்தி ஒன்று வாங்க வேண்டும். அன்றிலிருந்து அந்த யூ டர்னை விட்டுவிட்டு எச்.எஸ்.ஆர். வழியாகச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.