கொறங்காட்டுல ஆக்காட்டி முட்டை, போட்டோ எடுக்கலாமுங்களா?

காங்கயத்துக்காரன்:
வணக்கமுங்க. எங்க கொறங்காட்டுல, அதாவது ஆடு மாடு மேயற காட்டுல, வேலாமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெறுஞ்சரளை மேல ஆக்காட்டிக் குருவி நாலு முட்டை வெச்சிருக்குது, கல்லு எது முட்டை எதுன்னே தெரியல, ஆடு ஓட்டிட்டுப் போறப்ப மிதிக்கப் பார்த்தேன். தங்கச்சி பையன் திருப்பூர்ல இருந்து பிரண்ட்ஸுகளோட கேமரா எடுத்துட்டு ஞாயித்துக்கெழம வர்றேங்கறான். வரச்சொல்லலாமுங்களா? நான் கிட்டப் போனாலே ரெண்டும் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துதுங்க.

வெள்ளோட்டுப் பையன்:
அது கத்துதுன்னாலே நீங்க ரொம்ப கிட்டப் போயிட்டீங்கன்னு அர்த்தமுங்ணா. அஞ்சாறு பேரு அரைமணி நேரம் அங்க நின்னா அத்தன நேரமும் முட்டைல உக்காராது, சித்திரை வெயில்ல உள்ள இருக்கற கரு செத்துப்போயிரும். இப்ப அதுக்கு முட்டைக்கு நெழல் குடுக்கறதுதான் பெரிய வேலை, வவுத்து எறக தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டைய ஈரம் பண்ணும், எங்க ஏரிக்கரைல பாத்திருக்கேன். பொரிக்க சுமாரா 4 வாரம் ஆகும். பாத்தே ஆகணும்னா காலைல வெயிலுக்கு முன்னாடி இட்டேரில, வேலிக்கு நடுவால போற வண்டித்தடத்துல, கார நிறுத்தி உள்ள உக்காந்தே பாக்கச் சொல்லுங்க, வண்டிக்கு அவ்வளவா மெரளாது, ஆள் எறங்குனாத்தான் எந்திரிக்கும். எங்க வெள்ளோட்டுப்பக்கம் சரணாலயப் பறவைகளுக்காக தீவாளிக்குப் பட்டாசே வெடிக்கறதில்லீங்க, ஒரு மாசம் இது முடியாதுங்களா?

தாராபுரம் விவசாயி:
முட்டைய மட்டும் தொட்டு எடம் மாத்தீராதீங்க. போன வருசம் ஒழவுக்காக நான் எடுத்து வரப்போரம் வெச்சேன், நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணுனேன், அது பொழுதுக்கும் பழைய எடத்தையே சுத்திக் கத்துச்சு, மக்யா நாளு பாத்தா காக்கா கொத்தி ஓடுதான் கெடந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறலைங்க. இந்த வருசம் பத்தடி தள்ளிக் குச்சி நட்டு, டிராக்டர்காரர்கிட்ட அந்தத் துண்டைச் சுத்தி ஓட்டச் சொன்னேன், நாலும் பொரிச்சிருச்சு. குச்சிய முட்டைகிட்டயே நடாதீங்க, காக்காய்க்கு அடையாளம் காட்டுன மாதிரி ஆயிரும்.

பறவைப் பித்தன், கோவை:
போட்டோ போட்டாலும் எடத்த எழுதாதீங்க, ஒருத்தர் பாத்தா அடுத்த வாரமே பத்துப்பேரு நிப்பாங்க. போன்ல பறவை சத்தத்தப் போட்டு அதைக் கூப்படறதும் வேண்டாம். பசங்களுக்கு ஆசைன்னா திருப்பூர்லயே நஞ்சராயன் குளம் இருக்குது, 2024ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்தாங்க, மார்கழி தையில போனா வரித்தலை வாத்து வந்திருந்தாலும் வந்திருக்கும், கரைல நின்னு ஆசைதீர எடுக்கலாம்.

காங்கயத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. பையன்கிட்டப் பேசிட்டேன், அவன் மட்டும் வர்றான், காருக்குள்ளயே இருக்கறேன்னுட்டான். ஆட்டையெல்லாம் மேக்கால காட்டுக்குத் தாட்டி உட்டுட்டேன்.