கலைச்சொல்: கான்டாக்ட் பிரேக்கர் பாயிண்ட் - தொடுமுனையா, பிரிமுனையா?

வணக்கம்.

பழைய புல்லட் 350-க்குப் பராமரிப்புக் குறிப்பு ஒன்று தமிழில் தயாராகிறது. மின்னணு இக்னிஷன் வருவதற்கு முன்பு திருவொற்றியூரிலிருந்து வெளிவந்த, 12 வோல்ட் பேட்டரி உள்ள வண்டிகளுக்கானது. தேய்ந்த கான்டாக்ட் பிரேக்கர் பாயிண்டையும் (காயிலில் ஓடும் மின்னோட்டத்தை மூடித் திறந்து பிளக்கில் பொறி வரவைக்கும் முனைகள்; சுருக்கமாகப் பாயிண்ட்) கண்டென்சரையும் மாற்றி டைமிங் வைப்பது வரை ஒரு பகுதி. பிளக், காயில் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். 'தீப்பொறிச் செருகி' என்று அச்சடித்தாலும் கடையில் போய்ப் பிளக் என்றுதான் கேட்பார்கள். இழுபறி பாயிண்டில்தான். கைவசம் இருப்பவை: தொடுமுனை, தொடர்பு முறிப்பான், மின்தொடர்புத் துண்டிப்பி. சின்னதாக இருப்பதால் தொடுமுனையையே வைத்துக்கொள்ளலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

---

> தொடுமுனையையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. அந்தப் பெயர் வேலையைத் தலைகீழாகக் காட்டுகிறது.

முனைகள் தொடும்போது பொறி வராது. தொட்டிருக்கும்வரை காயிலின் முதல் சுற்றில் 3, 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முனைகள் பிரிந்து அந்த ஓட்டம் சட்டென்று அறுபடுகிற நொடியில்தான் காயிலின் காந்தப்புலம் சரிந்து இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். பிளக்கில் பொறி பாயும். டைமிங் வைப்பது என்றாலே முனைகள் எப்போது பிரிய வேண்டும் என்று வைப்பதுதான். 'தொடுமுனை' என்று படித்துவிட்டு வேலைக்கு வரும் பையன், முனை மூடுகிற இடத்தைப் பார்த்து டைமிங் வைப்பான். வண்டி பின்னால் உதைக்கும், இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது.

இன்னொன்று. சில பட்டறைகளில் இதை 'பிளாட்டினம்' என்பார்கள். ஒரு காலத்தில் முனையில் பிளாட்டினம் வைத்தார்கள். இப்போது இருப்பது டங்ஸ்டன். அதையும் தலைப்புச்சொல்லாக எடுக்க முடியாது. 'பட்டறை வழக்கு' என்று அடியில் ஒரு வரி போட்டால் போதும்.

என் பரிந்துரை: முறிமுனை.

---

> என் பரிந்துரை: முறிமுனை.

காரணம் சரி, சொல் சரியில்லை. 'முறிமுனை' என்றால் உடைந்த முனை என்று காதில் விழுகிறது. உதிரிபாகப் பட்டியலில் 'முறிமுனை - 1' என்று போட்டால், புதிதாக வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இது முழுசாகத்தானே இருக்கிறது என்பார். 'அறுமுனை' என்றும் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ஆறு முனை என்றுதான் படிப்பார்கள். முருகன் கோயில் வாசலில் வேண்டுமானால் விற்கலாம்.

'பிரிமுனை' எப்படி? வினைத்தொகை: பிரிந்த, பிரிகிற, பிரியும் முனை. எதுவும் உடையவில்லை, மூடித் திறப்பது என்ற பொருளும் கெடவில்லை. பட்டறையில் புழங்கும் 'பாயிண்ட்' முனையாக உள்ளேயே இருக்கிறது. 'பாயிண்ட் கேப்' என்பது 'பிரிமுனை இடைவெளி' ஆகிவிடும்.

கூடவே இரண்டு: அட்வான்ஸ், ரிடார்ட் இரண்டுக்கும் முந்தல், பிந்தல். பொறி முந்துகிறது, பொறி பிந்துகிறது என்று வினையாகவும் வரும். சுழன்று முனைகளைத் திறக்கும் கேம் என்பதற்கு 'நெம்புருள்' ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் உரசும் ஃபைபர் கட்டையைக் 'குதி' என்றே சொல்லலாம்.

---

சொல்லைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட வேலைக்குள் போட்டுப் பார்ப்போம். வரைவு கீழே. எங்கே இடறுகிறதோ அங்கே கத்தி வையுங்கள்.

"பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு மூடியைத் திறக்கவும். பிரிமுனையின் இரண்டு முகங்களையும் பார்க்கவும். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் ஓடும். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் இருந்தால் அரத்தால் தேய்த்து மாட்டுவது வீண்வேலை. முனையோடு கண்டென்சரையும் மாற்றவும். முகங்கள் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், நெம்புருளுக்குக் கிரீஸ் அதிகம் வைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே ஆயில் கசிகிறது. கசிவை நிறுத்தாமல் புது முனை போட்டால் அதுவும் கருகும்.

"பழையதைக் கழற்றும்போது ஃபைபர் வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளவும். அசையும் முனையின் ஸ்பிரிங், கண்டென்சர் ஒயர், காயிலிலிருந்து வரும் ஒயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். மூன்றில் எதுவும் பிரிமுனையைத் தாங்கும் தட்டையோ போல்ட்டையோ தொடக் கூடாது. வாஷர் ஒன்று இடம் மாறினாலும் பிரிமுனை திறந்திருக்கும்போதே எர்த் ஆகிவிடும். பொறி வரவே வராது. புது முனை போட்டதும் வண்டி செத்துவிட்டது என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

"புது முனையின் முகத்தில் துரு பிடிக்காமலிருக்க ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைத்தாளை முனைகளுக்கு நடுவே வைத்து மூடி இழுக்கவும். தாள் சுத்தமாக வரும்வரை செய்யவும். எமரித்தாள் கூடாது, அதன் துகள் முகத்தில் பதிந்து பொசுங்கும். நெம்புருளில் குதி உரசும் இடத்தில் அரிசி மணியளவு கிரீஸ் போதும்.

"குதி நெம்புருளின் உச்சியில் ஏறி முனைகள் முழுதாகப் பிரிந்திருக்கும் நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வைக்கவும். பூட்டுத் திருகை இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய இதழ்) மறுபடி நுழைத்துப் பார்க்கவும். இறுக்கும்போது தகடு நகரும்.

"அடுத்துத்தான் டைமிங். வரிசையை மாற்றக் கூடாது: இடைவெளியை மாற்றினால் பிரியும் நேரமும் மாறிவிடும். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தை முன்னோக்கி மெதுவாக உருட்டி, பிஸ்டனைக் கம்ப்ரெஷன் அடியின் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் நிறுத்தவும். நெம்புருள் முழுப் பிந்தலில் இருக்க வேண்டும். பேட்டரியை இணைத்து, விளக்குகளை அணைத்துச் சாவியைத் திறக்கவும். பிரிமுனை மூடியிருந்தால் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். தட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தித் தட்டை மெல்லத் திருப்பவும். முள் நடுவுக்குத் துள்ளும் இடம்தான் முனை பிரியும் இடம். அங்கே இறுக்கவும். முனை மூடிய நிலையில் சாவியைத் திறந்தபடி விட்டுவிட்டால் காயில் சூடேறும், பேட்டரியும் இறங்கும்."

---

ஓடுகிறது. 'பிரிமுனை' எங்கேயும் நாக்கில் இடறவில்லை. 'முனை பிரியும் இடம்' என்று வினையாகவும் விரித்துக்கொள்கிறது. இதுவே 'தொடுமுனை பிரியும் இடம்' என்று இருந்தால் படிப்பவன் தலையைச் சொறிவான்.

பொருளில் மூன்று திருத்தங்கள். ஒன்று, புல்லட்டில் பிளக் துளை சாய்ந்திருக்கிறது. அதன் வழியே சைக்கிள் ஸ்போக்கை விட்டு 0.8 அளந்தால், ஸ்போக் நகர்ந்த அளவும் பிஸ்டன் நகர்ந்த அளவும் ஒன்றாக இருக்காது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிராங்க் திரும்பும் கோணத்தை அளக்கும் டிகிரி தட்டு இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துவது நல்லது.

இரண்டு, முழுப் பிந்தல் என்று எழுதிவிட்டு அட்வான்ஸ் எடைக்கற்களைப் பற்றி (வேகம் கூடும்போது விரிந்து நெம்புருளைத் திருப்பிப் பொறியை முந்தவைப்பவை) ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பிரிங் தளர்ந்து கற்கள் விரிந்தபடி சிக்கியிருந்தால், வைக்கிற டைமிங் அத்தனையும் பொய். நெம்புருளை விரலால் திருப்பிவிட்டு விட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கை மாற்றிய பிறகே மேலே போக வேண்டும். கிக்கர் காலைத் திருப்பி அடிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மூன்று, தேய்மானம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது. குதி தேய்ந்தால் இடைவெளி குறையும், முனை தாமதமாகப் பிரியும், பொறி பிந்தும். இழுவை குறைந்து என்ஜின் சூடாகும். குதி புதிதாக இருக்கும்போதுதான் வேகமாகத் தேயும் என்பதால், முனை மாற்றிய சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

கண்டென்சர் பற்றி. ஒரு பழைய அகராதிப் பட்டியலில் இதற்கு 'ஆவி ஒடுக்கி' என்று இருக்கிறது. அது ஃபிரிட்ஜில் இருப்பது. இங்கே இருப்பது மின்தேக்கி. இலங்கைப் பாடநூல் வழக்கில் கொள்ளளவி. முதல் முறை வரும்போது 'மின்தேக்கி, பட்டறையில் கண்டென்சர்' என்று எழுதிவிட்டு அடுத்து கண்டென்சர் என்றே போகலாம். சுமார் 0.2 மைக்ரோஃபாரட். முனை பிரியும்போது அங்கேயே பாய இருக்கும் மின்னோட்டத்தை இது உள்வாங்கிக்கொள்வதால்தான் ஓட்டம் சட்டென்று அறுகிறது. செத்துப்போனால் முனையில் நீலப்பொறி கொழுந்துவிடும், பிளக்கில் பொறி வெளிறிவிடும். பாதி செத்தது இன்னும் மோசம்: குளிர்ந்திருக்கும்போது அளந்தால் சரியாகக் காட்டும், அரைமணி ஓடிச் சூடானதும் வண்டி நிற்கும், ஆறியதும் கிளம்பும். புதிது மாட்டும் முன் அதைப் பிடித்திருக்கும் திருகின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் நல்ல கண்டென்சரும் இதே கூத்தைக் காட்டும்.

---

பிரிமுனைக்கு என் ஒப்புதலும் உண்டு. மிச்சம் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குப் 'பகிர்வி' என்று பட்டியலில் பார்த்தேன். நான்கு சிலிண்டர் காருக்குப் பொருந்தும், அங்கே பொறியை நான்கு பிளக்குக்கும் பகிர்கிறது. புல்லட்டில் இருப்பது ஒரே சிலிண்டர், ஒரே பிளக், பகிர எதுவுமில்லை. பிரிமுனையும் கண்டென்சரும் அட்வான்ஸ் கற்களும் உட்கார்ந்திருக்கும் கூடு, அவ்வளவே. இந்தக் குறிப்பில் 'பிரிமுனைக் கூடு' என்று போட்டு, கடையில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று கேட்க வேண்டும் என அடைப்புக்குள் சேர்த்துவிடுங்கள். கார்ப் பகுதி வரும்போது பகிர்வியைப் பார்த்துக்கொள்ளலாம்.