பாஸ்கா திரி வார்ப்பவர் யாராவது தெரியுமா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் தேன்மெழுகில் பாஸ்கா திரி (உயிர்ப்புப் பெருவிழா இரவில் கோவிலில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) வார்த்துத் தருபவர் இருந்தால் சொல்லுங்கள். 3 அடி உயரம், 3 அங்குலத் தடிமன். ஆண்டுதோறும் புதுத்திரி ஏற்றுவதுதான் முறை. பிளாஸ்டிக் குழாயில் எண்ணெய் ஊற்றும் வகை வேண்டாம்.

கடையில் கிடைப்பவற்றில் நூல் மெலிசு. சுடர் நடுவில் குழி பறித்து, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடுகிறது. இந்தத் தடிமனுக்கு எத்தனை இழை பின்னிய நூல் சரி? திரியில் சிலுவை வடிவில் பதிக்கும் சாம்பிராணி மணிகள் ஐந்தையும் குளிர்ந்த மெழுகில் குத்தினால் கீறல் விடுகிறது. சூடான கம்பியால் முன்பே துளை போட்டுவைத்தால் மணி கழன்று விழாதா? (மேல், நடு, கீழ், இடம், வலம் என்ற வரிசை தெரியும்.) குருசுக்குப்பம் கடற்காற்றில், அன்றிரவு கோவிலுக்கு வெளியே மூட்டும் புதுத்தீயிலிருந்து பற்றவைப்பது தனிப் பாடு. அதற்கும் வழி சொல்லுங்கள்.

மெனக்கெடுவது அலங்காரத்துக்காக அல்ல. திருமுழுக்கில் குழந்தைக்கான மெழுகுவர்த்தியை இதிலிருந்துதான் ஏற்றுகிறோம். அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியருகே நிற்பதும் இதே திரிதான். உயிர்ப்பைப் பேசும் 1 கொரிந்தியர் 15-ஐ மட்டும் வாசித்துக் காட்டினால் இளையோர் கொட்டாவி விடுகிறார்கள். திரியைக் கையில் வைத்துக்கொண்டு உயிர்ப்பை மறைக்கல்வி வகுப்பில் 10 நிமிடத்தில் விளக்குபவர்கள், எங்கே தொடங்குகிறீர்கள் என்றும் எழுதுங்களேன்.

குருத்து ஞாயிறுக்குள் திரி கைக்கு வர வேண்டும்.