வாடை அடித்த பிறகு சதுப்பில் மீன் எங்கே போகிறது? (லூசியானா அனுபவம்)

அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் அமெரிக்காவின் லூசியானா சதுப்புக்கு ஓத அட்டவணையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம்; அதுவும் ஓரடி, ஒன்றரை அடிதான். கோல்ட் ஃப்ரன்ட் (குளிர்காற்றுத் திரளின் முகப்பு) ஒன்று கடந்து வாடை பலமாக அடித்தால், அட்டவணை ஏற்றம் என்று சொல்லும் நேரத்திலும் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடும்.

போன நவம்பரில் ஹோப்டேல் பக்கம் அப்படித்தான். முந்தின இரவே ஃப்ரன்ட் கடந்திருந்தது. விடிந்து பார்த்தால் புல்லின் வேர்வரை சேறு தெரிகிறது, சிப்பித் திட்டுகள் எல்லாம் வெளியே கிடக்கின்றன. நாங்கள் தேடும் ரெட்ஃபிஷ் மீன் வழக்கமாக மேயும் குட்டைகளில் படகு மிதக்கவே தண்ணீர் இல்லை. பலர் அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். எனக்கு இதுதான் பிடித்த நேரம். தண்ணீர் வடிந்த வழியில்தானே மீனும் போயிருக்கும்?

சின்ன வாய்க்கால் பெரிய கழியில் சேரும் இடத்தைத் தேடிப் போனோம். அங்கே கலங்கலும் தெளிவும் கோடு கிழித்த மாதிரி சந்தித்தன. அந்தக் கோட்டை ஒட்டி இறால் துள்ளியது. குளிர ஆரம்பித்ததும் வெள்ளை இறால் சதுப்பை விட்டுக் கடலுக்கு இறங்கும்; வடியும் தண்ணீர் அதை இந்த வாய்க்கால் வாய் வழியாகத்தான் இழுத்துவரும். சற்று நேரத்தில் செம்பு நிற முதுகு ஒன்று புரண்டது, வாலடியில் ரெட்ஃபிஷுக்கே உரிய அந்தக் கறுப்புப் பொட்டு. கால் அவுன்ஸ் ஈயத்தலைத் தூண்டிலில் பிளாஸ்டிக் இறாலை மாட்டி, ஓட்டத்துக்கு மேலே எறிந்து, தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் தானாக இறங்க விட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தால் வேகமாகச் சுற்றவே கூடாது. மீன் அடிப்பது கையில் தெரியாது, கனமாக மட்டும் இருக்கும்.

கடற்காகங்கள் கூட்டமாகப் பாய்ந்தால் அடியில் ஸ்பெக்கிள்டு ட்ரவுட் என்ற மீன் இருக்கும். பெயர்தான் ட்ரவுட், உண்மையில் ரெட்ஃபிஷ் மாதிரி இதுவும் கத்தாழைக் குடும்பம். பறவைக்கடியில் கிடைப்பது பெரும்பாலும் பொடிசு. அங்கேயே நின்று பொழுதைக் கழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒன்று முக்கியம். 2024 ஜூன் முதல் அங்கே 18 முதல் 27 அங்குலம் வரை உள்ள ரெட்ஃபிஷை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் நாளுக்குத் தலைக்கு 4தான். 27-க்கு மேல் உள்ளவை பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யும் பெரிய மீன்கள். அவற்றை நனைந்த கையால் பிடித்து உடனே விடுங்கள்.

—

அண்ணா, நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். ஃப்ரன்ட் வருவதற்கு முந்தின நாள் தென்கிழக்குக் காற்று தண்ணீரை உள்ளே தள்ளி, புல்லே பாதி மூழ்கியிருந்தது. ரெட்ஃபிஷ் புல்லுக்குள் புகுந்து நண்டு தின்றுகொண்டிருந்தது. புல் அசைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எறிந்தோம், அருமையான நாள். ஆனால் வாடைக்கு அப்புறம் உள்ளே போக பயமாக இருக்கிறது. படகு தரை தட்டினால் என்ன செய்வது?

—

தம்பி, பயம் நியாயமானது. அதனால்தான் நான் உள்வாய்க்காலுக்குள் நுழைவதே இல்லை, வாயிலேயே நங்கூரம் போட்டுவிடுவேன். கரையோரம் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் கத்தியால் கீறிவைப்பேன். அரைமணியில் கீறலுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருந்தால் அங்கே நிற்கக் கூடாது, ஆழமான கழிக்கு நகர்ந்துவிட வேண்டும். காற்று மறுபடி கிழக்கிலிருந்து அடித்தால் ஒன்றிரண்டு நாளில் குட்டைகள் நிறைந்துவிடும், அப்போது நீ சொன்ன புல்லோரத்துக்குப் போகலாம்.